பிடுங்கும் முன் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்: மதுரைப் பல் டாக்டர்களுக்கு ஒரு நகை ஆசாரியின் திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல் ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் நகை ஆசாரி. தெற்காவணி மூல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் 30 வருஷமாகப் பட்டறை போட்டிருக்கிறேன். வயது 57. உங்களுக்கு வைத்தியம் சொல்லித்தர வரவில்லை. ஆலும் வேலும் என்று ஆரம்பிக்கவும் போவதில்லை. என் வாயிலிருந்து போன ஒரு பல், தப்பித்து நிற்கிற ஒரு பல், இந்த இரண்டின் கதையைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போனது கீழ்வரிசையில் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல். உங்கள் கணக்கில் அது 36ஆம் நம்பராம், பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு 24 வயது. வேறொருவர் பட்டறையில் கூலிக்கு இருந்தேன். முகூர்த்த நேரம், வேலை தலைக்கு மேல். ராத்திரி படுத்தால் பல் தெறிக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மூன்று நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நாலாம் நாள் முடியாமல் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். "எந்தப் பல்லு? இதா? எடுத்துருவோம்" என்றார். ஊசி போட்டார், பத்து நிமிஷம், வாயில் பஞ்சு. வலி போன சந்தோஷத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிடுங்காமலும் ஒரு வழி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருக்குமா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தாரா என்பதே நினைவில்லை. எடுத்திருந்தாலும் என் கண்ணில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குப் பாடம். பின்னால் இருந்த பல் காலி இடத்தைப் பார்த்து முன்பக்கம் சாய்ந்தது. மேலே அதற்கு ஜோடியாக இருந்தது தடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கிவிட்டது. சாய்ந்த இடுக்கில் தினமும் சோற்றுப் பருக்கை. இடப்பக்கம் மெல்ல முடியாமல் 30 வருஷமாக எல்லாவற்றையும் வலப்பக்கமாகவே அரைத்தேன். நம் ஊர்க் கறிதோசை, எலும்பு ரோஸ்ட், சீடை, எல்லாம் அந்தப் பக்கம்தான். இரட்டை வேலை பார்த்த அந்தப் பக்கமும் ஒருநாள் கையை விரித்தது. வலது மேல்வரிசையில் முதல் கடைவாய்ப் பல். 16ஆம் நம்பர். போன வருஷம் ஆடி மாசம்.

காலையில் சூடாக டீ இறங்கியதும் வலி கிளம்பும். கால்மணி நேரம் ஆனாலும் நிற்காது. பழைய ஞாபகத்தில், "எடுத்துவிடுங்கள்" என்று நானேதான் போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எடுக்கவில்லை. எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார். "ஐயா, வெள்ளையா இருக்கறது கெட்டியான பாகம். இந்தக் கறுப்பு சொத்தை. இது உள்ள போய் நரம்பைத் தொட்டிருச்சு. வேரைச் சுத்தி எலும்பு நல்லா இருக்கு. பல்லைக் காப்பாத்தலாம்." எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. நாலைந்து வரிதான். முதல் ஆஸ்பத்திரியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால்?

மருந்துச் சீட்டின் பின்பக்கம் பல்லைப் படமாக வரைந்தும் காட்டினார். சொத்தை மேலோடு நின்றிருந்தால் சுரண்டிவிட்டு அடைத்தால் போதும். நரம்பை நெருங்கிவிட்டது, ஆனால் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று வந்து உடனே போய்விடும். அப்போது நரம்பின் மேல் மருந்து வைத்து மூடி அதைப் பிழைக்க வைக்கலாம். அந்த மருந்தில் ஒன்று 1990களில் வந்த எம்.டி.ஏ. கட்டடத்துக்குப் போடுகிற சிமெண்ட்டில் இருக்கும் அதே கால்சியம் சிலிகேட்தான் அதில் முக்கியச் சரக்கு என்றார். கேட்டதும் சிரிப்பு வந்தது. என் கதை அதையும் தாண்டியது. சூட்டுக்கு வலித்து நீண்ட நேரம் நின்றால், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினால், உள்ளே நரம்பு பிழைக்காது. நாலு பக்கமும் கல்சுவர் கட்டிய அறைக்குள் வீக்கம் கண்டால் எங்கே போகும்? அந்த அமுக்கம்தான் அத்தனை வலி. அந்த நரம்பை எடுத்துவிட்டு வேரின் உள்பக்கத்தைக் கழுவி அடைப்பதுதான் வேர் சிகிச்சை. எனக்குச் செய்தது அதுதான்.

நான் தொழில்காரன் இல்லையா, மரத்துப்போகப் போட்ட ஊசி வேலை செய்ததும் கண் தானாக அவர் தட்டின் மேல் போய்விட்டது. அங்கே இருந்தது பூராவும் அரம். எங்கள் பட்டறையில் அரைவட்ட அரம், எலிவால் அரம் என்று வைத்திருப்போம். அவர் வைத்திருந்தது ஊசியை விட மெல்லிசு. பத்தாம் நம்பர் அரத்தின் நுனி 0.10 மில்லிமீட்டர், தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். பிடியின் நிறத்தை வைத்தே அளவு சொல்லிவிடலாம்: 10 ஊதா, 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம். உலகம் முழுக்க இதே நிறம்தானாம். எங்கள் தொழிலில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு சண்டை மிச்சம்! கையால் திருகிய பிறகு மிஷினில் ஒன்றை மாட்டினார். அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். வளைத்துவிட்டால் மறுபடி தானாக நிமிர்கிறது. வேர் வளைந்திருந்தாலும் சுவரைக் குடையாமல் அந்த வளைவிலேயே போகும். பல்லைச் சீராக்கக் கம்பி கட்டுகிறவர்களிடம் இருந்த அந்த உலோகத்தில் அரம் செய்து பார்த்தது 1988இல் என்றார். நான் எந்தக் கம்பியையும் ஒரு தடவை வளைத்துப் பார்க்காமல் விட்டதில்லை. கேட்டு வாங்கி அதையும் வளைத்துப் பார்த்தேன். அது பழைய அரம், குப்பைக்குப் போக இருந்தது, பயப்பட வேண்டாம்.

வாயை ஒரு ரப்பர் ஷீட்டால் மூடி அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே நீட்டி வைத்திருந்தார். எச்சில் உள்ளே போகக் கூடாது, மருந்து தொண்டைக்குள் இறங்கக் கூடாது. இது 1864இலேயே வந்துவிட்ட உத்தி. பிறகு துணி வெளுக்கிற பிளீச்சிங் வாடை. அதே சோடியம் ஹைப்போகுளோரைட்தான், அளவாக. உள்ளே செத்துக் கிடக்கும் சதையைக் கரைத்துக் கழுவ அதுதான் ஆளாம். நீளம் பார்க்க உதட்டில் ஒரு கொக்கி, அரத்தில் ஒரு கிளிப். வேரின் நுனியை நெருங்க நெருங்க மிஷின் பீப் பீப் என்று வேகமாகக் கத்தியது.

எனக்குப் பிடித்த இடம் அடுத்ததுதான். வேருக்குள் இறங்குகிற மூன்று ஓட்டை கிடைத்துவிட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார். "மேல் கடைவாய்ல பெரும்பாலும் நாலாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும் ஐயா, அதை விட்டா மறுபடி சீழ் வைக்கும்." இருபது நிமிஷம் தேடினார். கிடைத்தது. கல் பதிக்கிறவன் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் குனிவானே, அதே முதுகு. தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியும்.

கடைசியாக இளஞ்சிவப்பில் மெல்லிய குச்சிகளை உள்ளே இறக்கி, சூடு காட்டி, வெட்டிவிட்டார். அது கட்டாபெர்ச்சா. மலேசியா பக்கத்து மரம் ஒன்றின் பால். நம் இலுப்பை, சப்போட்டா எல்லாம் அந்த மரத்தின் குடும்பம்தான். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதைத்தான் உறையாகப் போட்டார்கள். கடல் தண்ணீருக்கே அசையாத சரக்கு வேருக்குள் எச்சிலுக்கா அசையப் போகிறது!

மொத்தம் மூன்று முறை போனேன். பிறகு பல்லின் மேல் தொப்பி மாதிரி ஒரு கேப். அந்தப் பல் இப்போது எலும்பைக் கூடக் கடிக்கிறது.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பட்டறைக்கு அறுந்த செயின் வந்தால், "உருக்கிடலாமா?" என்று வாயைத் திறக்க மாட்டோம். அது கடைசி வார்த்தை. முதலில் கண்ணெதிரே எடை போடுவோம். அறுந்த இடத்தைக் காட்டுவோம். பற்றவைத்தால் நிற்குமா, எத்தனை நாள் நிற்கும், கூலி எவ்வளவு என்று சொல்வோம். உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏன் என்று சொல்வோம். முடிவு நகைக்காரருடையது. பொடி வைத்து ஊதுகிறவர்கள்தான் நாங்கள், ஆனால் பொடி வைத்துப் பேசினால் அடுத்த தடவை ஆள் வராது. நகை உருகினாலும் தங்கம் போகாது, வேறு நகை செய்துகொள்ளலாம். பிடுங்கிய பல்லை எதைக் கொண்டு உருக்கிச் செய்வது?

நான் கேட்பது இவ்வளவுதான். வலியோடு வந்து உட்கார்ந்து, "பிடுங்கிவிடுங்கள்" என்கிறவரிடம் எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டுங்கள். காப்பாற்றலாமா, முடியாதா, எவ்வளவு ஆகும், எத்தனை தடவை வர வேண்டும் என்று தமிழில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் பிடுங்கச் சொன்னால் பிடுங்குங்கள். கையில் காசில்லாதவர் அதைத்தான் சொல்வார், அதுவும் தெரியும். அவரிடம், "நம்ம ஊர்லயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க செலவு கம்மி, மாணவர்கள் செய்வாங்க, பேராசிரியர் பக்கத்துல நிப்பாங்க" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு கிராக்கி போகும். போகட்டுமே.

ரூபாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருமங்கலத்தில் இருக்கிற என் மச்சான் வேர் சிகிச்சை செய்துகொண்டார். 4000 என்று பேசி முடித்தார்கள். கடைசி நாளில், "கேப் போடணும், அது தனி, 5000" என்றார்கள். அவர் வியாபாரி. பில்லை ஏற்றுகிறார்கள் என்று முடிவு கட்டி எழுந்து வந்துவிட்டார். எட்டு மாசம் கழித்துக் கொட்டைப்பாக்கைக் கடித்தார். பல் மேலிருந்து வேர் வரைக்கும் நடுவில் பிளந்துவிட்டது. அப்படிப் பிளந்ததை யாராலும் ஒட்ட முடியாது. போட்ட 4000மும் பல்லோடு போனது. சொத்தையும் போய், குடைந்தும் எடுத்த கடைவாய்ப் பல் வெறும் சுவராக நிற்கிறது, மென்று அரைக்கும் பாரத்தைத் தாங்க அதற்குத் தொப்பி வேண்டும் என்பதை முதல் நாளே, விலையோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார். நாங்கள் செய்கூலி, சேதாரம், கல் விலை மூன்றையும் ஆர்டர் எடுக்கும்போதே எழுதிவிடுவோம். டெலிவரி அன்று சேதாரத்தைச் சொன்னால் கடை முன்னால் கூட்டம் கூடிவிடும்.

கேப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மாவு ஊற்றி, மெழுகை உருக்கி விரட்டிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது எங்கள் குலத்தொழில். பல் வேலைக்கு அதை 1907இல் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டாகர்ட் என்கிற பல் டாக்டர். இப்போது பீங்கான் மாதிரியான ஜிர்கோனியாக் கட்டியைக் கம்ப்யூட்டர் கடைகிறது, அது வேறு. சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் காலமான தன் அப்பாவின் தங்கப் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார், மோதிரமாக்க. ஒன்றரை கிராம்கூடத் தேறாத கூடு. உள்ளே சிமெண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே பல்லின் மேடு பள்ளம் அப்படியே, கடித்துக் கடித்துத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எந்த ஆசாரி செய்தானோ, நல்ல கை. உருக்க மனசில்லாமல், வேறு தங்கத்தில் மோதிரம் செய்து கொடுத்துவிட்டு அதை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

எல்லாத் தப்பும் உங்கள் தலையில் என்று சொல்லவில்லை. பாதிக்கு மேல் எங்களுடையது. வலித்தால் முதலில் மெடிக்கல் ஷாப்பில் போய், "பல்வலிக்கு மாத்திரை" என்று கேட்கிறோம். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுகிறோம். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, ரத்தத்தோடு போகிற மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? கிருமி உள்ளே சுகமாக உட்கார்ந்திருக்கிறது. இதை டாக்டரம்மா சொன்னபோதுதான், என் பட்டறைப் பையன் மூன்று மாசத்துக்கு ஒருமுறை கன்னம் வீங்கி வருவதன் ரகசியம் விளங்கியது. தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலும் வந்தால் அது உயிருக்கே ஆபத்து, அன்று ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இதை எங்களுக்கு யார் சொல்வார்கள், நீங்கள் சொல்லாவிட்டால்? கிராமத்துப் பக்கம் இன்னும் பல்லில் எருக்கம்பால் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஈறு வெந்துபோகும். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் புழு எடுக்கிறவர்களும் உண்டு. பல்லில் புழு என்பதெல்லாம் கிடையாது என்று பிரான்ஸில் ஃபோஷார் எழுதியது 1728இல். நம் ஊரில் புழு இன்னும் சாகவில்லை. கிராம்பு மட்டும் மோசமில்லை. அதன் எண்ணெயைத்தான் துத்தநாகப் பொடியோடு குழைத்து நீங்களே தற்காலிகமாக அடைக்கிறீர்கள், வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் மோசம். மேலூரில் என் தங்கச்சி பேத்திக்கு எட்டு வயது. கடைவாயில் சொத்தை. "பால்பல்லுதான, புடுங்கிப்புட்டா வேற மொளைக்கும்" என்று அவள் அம்மாவே டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த டாக்டர் நல்லவர், மறுத்துவிட்டார். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமல், சத்தமில்லாமல் முளைக்கிற அந்தப் பல் ஆயுசுக்கும் உள்ள பல். விழுந்தால் விழுந்ததுதான். வேர் நுனி மூடவே 9, 10 வயது ஆகிவிடும், அதனால் நரம்பின் மேல்பாகத்தை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடினார். கீழே மிச்சமிருக்கிற நரம்பு உயிரோடு இருந்து வேரை வளர்த்து முடிக்குமாம். யோசித்துப் பார்த்தால், எனக்கு 24 வயதில் போனதும் இதே பல்தான். பள்ளிக்கூட முகாமுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் இல்லை, வாசலில் நிற்கிற அம்மாக்களிடம் இதை ஒரு தடவை சொல்லுங்கள்.

இன்னொன்று. தை மாசம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக மாடு அவிழ்ப்பார்கள். பாலமேட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு மாடு முட்டி முன்பல் முழுசாக வேரோடு வந்துவிட்டது. பத்திரமாகத்தான் எடுத்தான். மண் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துண்டில் முடிந்து, சாயங்காலம் கொண்டுபோனான். வேரைத் தேய்க்கக் கூடாது, காயவிடக் கூடாது. வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து, லேசாக அலசி, அதே குழியில் திருப்பி வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் உங்களிடம் வர வேண்டும். அவனுக்கு இது தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. வாடிவாசல் பக்கம் மருத்துவ முகாம் போடும்போது உங்களில் ஒருவர் ஒரு பாக்கெட் பாலோடு போய் நின்றால் நன்றாக இருக்கும். பால்பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாதாம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றச் சொல்லி உங்களைப் படுத்துகிற ஆள் நானில்லை. வேர் பிளந்தது, எலும்பு கரைந்து ஆடுகிறது, மேலே ஒன்றும் மிச்சமில்லாமல் ஈறுக்குள் மட்டும் வேர் கிடக்கிறது என்றால் பிடுங்கத்தான் வேண்டும். அதிலும் வேர் சிகிச்சை செய்து காசை வாங்குவது பிடுங்குவதை விட மோசம். எங்களிடமும் சில நகை வரும். பற்றவைக்க வைக்க அடுத்த கண்ணி விடும். அப்போது, "இது ஆகாதுங்க" என்று சொல்லத்தான் செய்கிறோம். சொல்லும்போது அந்தக் கண்ணியைக் கையில் கொடுத்து விரித்துக் காட்டுவோம்.

என் பட்டறைச் சுவரில் அன்றன்றைய கிராம் ரேட் எழுதுகிற ஸ்லேட் தொங்குகிறது. வருகிறவர்கள் நகை தயாராகும் வரை அதையேதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு முழம் இடம் காலி. எது அடைக்கிற வலி, எது வேர் சிகிச்சைக்கான வலி, எந்த வீக்கத்துக்கு உடனே ஓட வேண்டும், விழுந்த பல்லை என்ன செய்வது என்று உங்களில் யாராவது பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் எழுதித் தாருங்கள். உங்கள் ஆஸ்பத்திரி பேரையும் கீழே போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. லேமினேட் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
36ஆம் நம்பர் இல்லாத ஒரு நகை ஆசாரி,
தெற்காவணி மூல வீதிப் பக்கம், மதுரை.